மூன்றாம் சிலிண்டரில் முறிந்த ஹீட்டர் பிளக்: ஒரு நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நான் நடத்தும் பட்டறைக்குச் சென்ற ஜனவரி மாதம் ஒரு டீசல் கார் வந்தது. குளிர்ந்த எஞ்சின் எளிதில் ஓடத் தொடங்க எரியறையைச் சூடாக்கும் அதன் நான்கு ஹீட்டர் பிளக்குகளில் மூன்றாவது, கழற்றும்போது எங்கள் கையிலேயே முறிந்தது. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டை இறக்காமல் உள்ளே நின்றுவிட்ட பகுதியை வெளியே எடுக்க எங்களுக்கு இரண்டரை நாள் ஆனது. வேலை நல்லபடியாக முடிந்தது. ஆனாலும், முறிவதற்கு முன்பு நாங்கள் கண்ணால் பார்த்தும் பொருட்படுத்தாமல் விட்ட ஓர் அடையாளம் இருந்தது. முறிந்த பிறகும் ஒரு கட்டத்தில் ஹெட்டையே பாழாக்கும் எல்லை வரை போய்த் திரும்பினோம். இந்த இரண்டையும் மறைக்காமல், இத்தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் முழுமையாக எழுதுகிறேன்.

வண்டியும் குறையும்

வண்டி 2012ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், காமன் ரெயில் டீசல் எஞ்சின், பிஎஸ்-4 மாசுத் தரம். மீட்டர் 1,86,000 கி.மீ. காட்டியது. காலடிப்பேட்டையில் வசிக்கும் உரிமையாளர் அதை வாடகைக்கு ஓட்டுகிறார். விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் வியாபாரிகளை ஏற்றிச் செல்வதுதான் அவருடைய அன்றாடத்தின் முதல் சவாரி. “நாலு மணிக்கு ஸ்டார்ட் பண்ணா தெருவே வெள்ளைப் புகையா ஆயிடுதுண்ணே, பக்கத்து வீட்டு ஆயா ஜன்னலைச் சாத்திக்கினு திட்டுது” என்றார். அரை நிமிடம் வரை எஞ்சின் உதறிவிட்டு அதன் பின் சீராக ஓடுகிறது. பகலில் எந்தக் குறையும் இல்லை. எஞ்சின் ஆயில் மட்டும் மெல்லக் குறைவதாகச் சொன்னார்.

சென்னையில் ஜனவரி அதிகாலை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். காற்றை 17 மடங்குக்கு மேல் அழுத்தும் இத்தகைய எஞ்சின், அழுத்தம் சரியாக இருந்தால், இந்தக் குளிருக்கு ஹீட்டர் பிளக்கின் உதவி இல்லாமலே ஓடத் தொடங்கிவிடும். அதனால்தான் நம் ஊரில் ஹீட்டர் பிளக் செத்துப் போனாலும் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. டாஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு எரிந்து அணைகிறதா என்றுகூட ஓட்டுநர்கள் காத்திருப்பதில்லை. இந்த அலட்சியத்துக்கு ஒரு விலை உண்டு. குளிர்ப் பிரதேசத்தில் நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை கழற்றப்படும் பிளக், இங்கே வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூடத் திருகப்படாமல் ஹெட்டோடு ஒன்றிப் போகிறது. ஒரு நாள் அதைக் கழற்றியே ஆக வேண்டிய நிலை வரும்போது, அது கழலும் பருவத்தைத் தாண்டியிருக்கிறது.

பேட்டரியும் டீசல் ஃபில்டரும் நன்றாக இருந்தன. பிளக்குகளின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் தடையை அளந்தோம். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவை 0.7 முதல் 0.8 ஓம் வரை காட்டின. மூன்றாவது, இணைப்பே இல்லாததுபோல எதையும் காட்டவில்லை. உள்ளே கம்பிச்சுருள் அறுந்துவிட்டது. இந்த அளவில், ‘ஒரு பிளக்தானே, சென்னையில் இது தேவையே இல்லை, விட்டுவிடுங்கள்’ என்று சொல்வது பல வண்டிகளுக்கு நேர்மையான ஆலோசனையாகவே இருக்கும். நானும் பலமுறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். இந்த வண்டிக்கு அது பொருந்தவில்லை. ஆயில் குறைகிறது, ஒரு சிலிண்டர் உதறுகிறது என்னும்போது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா என்று அறிய, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரெஷனை, அளந்து பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் கம்ப்ரெஷன் மீட்டரைப் பொருத்தும் வழி ஹீட்டர் பிளக் துளைதான். ஆகவே கழற்றுவதென்று முடிவு செய்தோம். முறியும் வாய்ப்பு உண்டு என்பதையும், முறிந்தால் ஹெட்டை இறக்க நேரலாம் என்பதையும், அப்படி இறக்கினால் டைமிங் செயின், ஹெட் கேஸ்கட், ஹெட் போல்ட் என்று செலவு எங்கே போகும் என்பதையும் உரிமையாளரிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லி, அவர் சம்மதத்தை வேலைத்தாளில் எழுதி வாங்கினோம்.

முறிவதற்கு முன்

ஹீட்டர் பிளக் இரண்டு இடங்களில் ஒட்டிக்கொள்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இது புரியாமல் எண்ணெய் விட்டுப் பயனில்லை. முதல் இடம் மரை. பிளக்கின் உடல் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் இடையில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பெருகி மரையை இறுக்குகிறது. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடற்காற்றிலேயே நிற்கும் வண்டிகளில் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. இரண்டாவது இடம் இன்னும் கீழே, மரையைத் தாண்டிய பகுதி. பிளக்கின் கூம்பு முகம் ஹெட்டில் உட்கார்ந்து எரியறையின் வாயுவை அடைக்கிறது. அதற்கும் கீழே சூடேறும் குழாய்க்கும் ஹெட் துளைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் கரி புகுந்து, ஆண்டுகள் போகப் போகச் சிமென்ட் போல இறுகுகிறது. மேலிருந்து விடும் எண்ணெய் மரை வரை போகலாம். கூம்பு முகம் நன்றாக அடைத்திருந்தால் கரி வரை போகவே போகாது.

மூன்றாம் பிளக்கின் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்தபோது செம்பழுப்பு நிறத்தில் காய்ந்த சேறு வெளியே வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டி பம்பர் வரை தண்ணீரில் நின்றதாகவும், பிறகு எஞ்சின் அறையை அழுத்தத் தண்ணீரால் கழுவியதாகவும் உரிமையாளர் சொன்னார். பிளக் குழிகள் கிண்ணம் போன்றவை; இறங்கிய தண்ணீர் வெளியேற அவற்றில் வழியில்லை.

இந்த எஞ்சினில் பிளக்கின் மரை எம்10 (அதாவது 10 மி.மீ. விட்டம்), மரை இடைவெளி 1 மி.மீ. இந்த அளவு பிளக்கைக் கழற்றும்போது 35 நியூட்டன் மீட்டருக்கு (முறுக்குவிசையின் அலகு) மேல் முறுக்கக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. எம்8 அளவுக்கு 20, எம்12 அளவுக்கு 45. உடல் உள்ளே பொள்ளலாக இருப்பதால், வெளியே தெரியும் பருமனை நம்பி முறுக்கினால் அறுகோணத் தலைக்குக் கீழே கழுத்தில் அறுந்துவிடும். ஆகவே சாதாரண ராட்செட்டை ஒதுக்கிவிட்டு, அளவு காட்டும் டார்க் ரெஞ்சைத்தான் பயன்படுத்தினோம். முதல் நாள் மாலை துருநீக்கி எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவைத்தோம். மறுநாள் எஞ்சினை ஓட்டிக் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் 90 டிகிரியை நெருங்கும் வரை சூடாக்கினோம். அலுமினியம் சூட்டில் விரிவது இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 10 மி.மீ. துளையில், 60 டிகிரி சூடு கூடும்போது கிடைக்கும் கூடுதல் இடம் 0.006 மி.மீ. அளவுதான், ஆனால் பொடி பிடித்த மரைக்கு அதுவே பெரிய விடுதலை. அதே சூட்டில் அலுமினிய மரை இளகியும் இருக்கும் என்பதால், பிளக் பாதி வழியில் இறுகினால் இழுக்காமல் திருப்பி உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே வர வேண்டும். இல்லையெனில் ஹெட்டின் மரை பிளக்கோடு சேர்ந்து உருவி வந்துவிடும்.

நல்ல நிலையில் இருந்த மூன்று பிளக்குகளுக்கும் கழற்றும் முன் தனித்தனியே மின்சாரம் கொடுத்துச் சூடாக்கி, கரியின் பிடியைத் தளர்த்தினோம். எல்லாப் பிளக்குக்கும் பேட்டரியை நேராகக் கொடுத்துவிடக் கூடாது. 12 வோல்ட் வகைக்கு மட்டுமே அது பொருந்தும். புதிய வண்டிகளில் வரும் 4.4, 5, 7 வோல்ட் வகைகளுக்கு நேரடியாகக் கொடுத்தால் சில நொடிகளில் முனை உருகி வீங்கிவிடும். வீங்கிய முனை துளை வழியே வெளியே வராது. இங்கே இருந்தவை 12 வோல்ட் வகை. அவை முறையே 22, 26, 19 நியூட்டன் மீட்டரில் கிறீச்சென்று ஓசையெழுப்பி இளகின.

மூன்றாவது பிளக்குக்கு இந்த உதவி இல்லை. சுருள் அறுந்த பிளக் சூடாகாது. எது செத்துப்போனதோ, எதைக் கட்டாயம் கழற்ற வேண்டுமோ, அதுவே கரியில் மாட்டிக்கொண்டு எந்தச் சலுகையும் இல்லாமல் நிற்கிறது. இதை நான் இந்த வேலையின் மையமான சிக்கலாகக் கருதுகிறேன். எஞ்சின் சூட்டை மட்டும் நம்பி 25, பிறகு 28 என்று ஏற்றி, ஒவ்வொரு முறையும் தளர்த்தி, இறுக்கும் திசையிலும் சிறிது அசைத்துப் பார்த்தோம். நான்காவது முயற்சியில் 30 காட்டியபோது ரெஞ்ச் ஐந்து டிகிரி அளவு நகர்ந்தது. “அண்ணே, விட்டுக்கொடுத்திடுச்சு” என்றான் என்னிடம் வேலை பார்க்கும் தம்பி. நானும் அப்படியே நினைத்தேன். ஆனால் கிறீச்சென்ற ஓசை வரவில்லை. மரை இளகினால் ஓசையோடு முறுக்கின் அளவு சட்டென்று இறங்கும். கழுத்து முறுகினால் அளவு ஏறாமலும் இறங்காமலும் நிற்க, கோணம் மட்டும் கூடும். கைக்கு ஈரக்களிமண்ணைத் திருகுவது போல இருக்கும். அந்த வேறுபாட்டை உணர்ந்து நான் கையை எடுப்பதற்குள் அறுகோணத் தலை சாக்கெட்டோடு வந்துவிட்டது.

முறிவு முகம்

35 வரை தாங்க வேண்டிய கழுத்து 30இல் ஏன் போனது? தலையை டீசலில் கழுவி வெளிச்சத்தில் பார்த்தபோது விடை தெரிந்தது. முறிந்த வளையத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பிறை வடிவில், துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது. மீதி மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைப் பொடியைப் போல வெள்ளையாக மின்னியது. வெள்ளைப் பகுதி அன்று எங்கள் கையில் முறிந்தது. பழுப்புப் பகுதி முன்பே கீறிவிட்டிருந்தது. முன்னொரு நாள் வேறு யாரோ இந்தப் பிளக்கைக் கழற்ற முயன்று, முடியாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தக் கீறலில் ஈரம் இறங்கித் துரு ஏறியிருக்கிறது.

நான் மேலே சொன்ன அடையாளம் இதுதான். முதல் நாள் குழியைச் சுத்தம் செய்தபோதே, மூன்றாம் பிளக்கின் அறுகோணத் தலையில் இரண்டு முனைகள் மழுங்கியிருந்ததைப் பார்த்தேன். மற்ற மூன்றும் கூர்மை குறையாமல் இருந்தன. தொடாத பிளக்கின் முனை மழுங்காது. அதைப் பார்த்த அன்றே ‘முன்பு யாராவது கை வைத்தார்களா’ என்று உரிமையாளரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் 20க்கு மேல் ஏற்றாமல், இன்னும் இரண்டு நாள் ஊறவைத்து, சூடாக்கிக் குளிரவைக்கும் சுற்றைப் பலமுறை செய்திருப்பேன். அப்போதும் முறிந்திருக்கலாம், ஆனால் எல்லை என்று சொல்லப்படும் எண் கீறலில்லாத பிளக்குக்கு மட்டுமே உரியது என்பதை நான் மறந்தது என் பிழை. இப்போது எங்கள் வேலைத்தாளில் ‘பிளக் தலையில் பழைய தழும்பு உண்டா’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

துளையிட்டு எடுத்த விதம்

முறிந்த போல்ட்டுக்கு நம் பட்டறைகளில் முதலில் கை போவது, முறிந்ததைத் திருகி வெளியே எடுக்கும் ஈஸி அவுட்டுக்குத்தான். பிளக்கில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது கூம்பு வடிவக் கருவி. பொள்ளலான மெல்லிய உடலுக்குள் இறங்க இறங்க உடலை வெளிப்புறமாக விரித்து மரையில் மேலும் இறுக்கும். அது உள்ளே முறிந்தால் எந்த டிரில் பிட்டும் அந்தக் கடினமான எஃகைத் தொடாது. முறிந்த முகத்தில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருகும் முறையும் ஆழமான இந்தக் குழிக்கு ஏற்றதல்ல. எஞ்சியது ஒரே வழி: உடலை உள்ளிருந்து படிப்படியாகத் துளையிட்டு மெலியச் செய்து, மரையை மட்டும் விட்டுவைத்து எடுப்பது.

துளையிடுவதில் உள்ள அபாயம் எளிதாகப் புரியக்கூடியது. பிளக் இரும்பு, சுற்றிலும் அலுமினியம். பிட் சிறிது சாய்ந்தாலும் மெத்தென்ற பக்கமாகத்தான் ஓடும். ஆகவே கைக்கணக்கில் துளையிடாமல், பிட்டை நடுவில் பிடித்துக்கொள்ளும் வழிகாட்டிப் புஷ் தேவைப்பட்டது. விற்பனைக்கு வரும் கருவித் தொகுப்பு இந்தக் குழியின் ஆழத்துக்குப் பொருந்தவில்லை. குழியின் விட்டத்தை மூன்று இடங்களில் அளந்து, புதிய பிளக் ஒன்றையும் கையோடு எடுத்துக்கொண்டு, வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருக்கும் பெரியவரை நாங்கள் எல்லோரும் நைனா என்றுதான் அழைப்போம். புதிய பிளக்கை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, “துளை நேரா போனா நீ பொழைச்ச, சுவத்துல பட்டா ஹெட்டே போச்சு தம்பி, புஷ்ஷு குழிக்குள்ள ஆடவே கூடாது” என்றார். ஈஎன்8 எஃகில் 6, 7.5, 8.5 மி.மீ. துளைகளோடு மூன்று புஷ்கள் கடைந்து தந்தார். வெளிவிட்டம் குழிக்குள் கையால் அழுத்தினால் மட்டும் இறங்கும் அளவில் இருந்தது. நான்காவதாக, முறிந்த விளிம்பைச் சமப்படுத்த, அடி தட்டையாக இருக்கும் ஒரு வெட்டுக்கருவியும் செய்து கொடுத்தார். நான் கேட்காமலே அவர் செய்தது அது. மேடு பள்ளமான முகத்தில் புஷ் சாய்ந்து உட்காரும் என்பதை அவர் முன்கூட்டியே கண்டிருந்தார்.

துளையிடும் முன் மூன்றாம் சிலிண்டரில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றினோம். அந்தத் துளை வழியே ஒரு பிளாஸ்டிக் குச்சியை விட்டு, கிராங்க் புல்லியை ஓடும் திசையில் மட்டும் ஸ்பேனரால் திருப்பி, வால்வுகள் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கியரில் நிறுத்தினோம். பிஸ்டன் உச்சியில் இருந்தால் தவறி விழும் துகள் அதன் தலைமேல் கைக்கெட்டும் ஆழத்திலேயே தங்கும். சிலிண்டர் சுவரிலும் ரிங் இடுக்கிலும் இறங்காது.

முதலில் நடுக்கம்பி. தலை போனபின் அது குச்சி போல நீட்டிக்கொண்டிருந்தது. மின்காப்பு வளையத்தைச் சிறு கொக்கியால் உடைத்து எடுத்துவிட்டு, கம்பியைப் பிடிகுறடால் கவ்வி, சறுக்கும் எடையால் வெளிப்புறமாகத் தட்டி இழுக்கும் ஸ்லைடு ஹேமரால் மூன்று தட்டு தட்டியதும் வந்துவிட்டது. அதன் நுனியில் மக்னீசியம் ஆக்சைடின் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. இப்போது உடல் ஏறக்குறைய 5 மி.மீ. துளையுள்ள ஒரு குழாயாக நின்றது.

விளிம்பைச் சமப்படுத்திய பின் 6 மி.மீ. பிட்டில் தொடங்கினோம். எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைப் புதிய பிளக்கின் பக்கத்தில் பிட்டை வைத்து அளந்து, கூம்பு முகத்துக்கு 2 மி.மீ. மேலே நிற்கும்படி பிட்டில் தடுப்பு வளையம் பூட்டினோம். கூம்பு உட்காரும் இடத்தை பிட் தொட்டுவிட்டால் வாயுவை அடைக்கும் முகம் போய்விடும். அதன் பின் எந்தப் பிளக் போட்டாலும் கசியும். பிட்டின் பள்ளங்களில் கிரீஸ் நிரப்பி, மெதுவான சுற்றில், 2 மி.மீ. போனதும் வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி கிரீஸ் வைத்து இறக்கினோம். துகளைக் கிரீஸ் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை வெளியே வந்த கிரீஸையும் வெள்ளைத் துணியில் தேய்த்து நிறம் பார்ப்பதைத் தம்பியின் பொறுப்பாக வைத்தேன். இரும்புச் சுருள் கருநீலச் சாம்பலாக, இறுக்கமாக வரும். அலுமினியம் வெளுத்து, மெத்தென்று, காந்தத்தில் ஒட்டாமல் வரும்.

6, 7.5 இரண்டும் சிக்கலில்லாமல் முடிந்தன. 8.5 பிட்டின் நான்காவது இறக்கத்தில் தம்பி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். துணியில் கரிய கிரீஸின் நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளிக் கீற்று. அதைக் காந்தம் இழுக்கவில்லை. புஷ்ஷை எடுத்துப் பார்த்தால், முந்தைய இறக்கத்தில் தங்கிய ஓர் இரும்புச் சுருள் அதன் அடியில் மாட்டி, புஷ்ஷை ஒரு பக்கமாகத் தூக்கியிருந்தது. எம்10 மரையின் அடிவிட்டம் ஏறக்குறைய 8.9 மி.மீ.; 8.5 துளைக்கும் அதற்கும் இடையில் பக்கத்துக்கு 0.2 மி.மீ. மட்டுமே இருக்கிறது. மரையின் ஓர் உச்சியை பிட் உரசியிருந்தது, அவ்வளவுதான். இன்னும் இரண்டு இறக்கம் கவனிக்காமல் போயிருந்தால் பாதி மரை போயிருக்கும். அதன் பின் ஒவ்வொரு இறக்கத்துக்கும் புஷ்ஷையும் வெளியே எடுத்து அடிமுகத்தைத் துடைத்தோம். வேலை இரண்டு மடங்கு மெதுவானது. அந்த நேரத்தைக் குறைக்க வழி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இப்போது ஹெட்டின் மரைக்குள் காகிதம் போல ஓர் இரும்பு உறை மட்டும் ஒட்டியிருந்தது. கூர்முள்ளால் அதன் மேல் விளிம்பை உள்பக்கமாக மடக்கி, மெல்லிய மூக்குக் குறடால் பிடித்துச் சுருட்டி இழுத்தேன். பேனா ஸ்பிரிங் போல மூன்று சுற்று முழுதாக வந்து அறுந்தது. மீதியைக் கிரீஸ் வைத்த எம்10 டேப்பால் (மரை வெட்டும் கருவி), பழைய மரையின் தொடக்கத்தைக் கையால் தேடிப் பிடித்து, கால் சுற்று முன்னே அரைக்கால் சுற்றுப் பின்னே என்று இறக்கி எடுத்தோம்.

கீழே கூம்பு முகமும் சூடேறும் குழாயும் சேர்ந்த அடித்துண்டு கரியின் பிடியில் அப்படியே இருந்தது. அதன் 5 மி.மீ. துளை எம்6 டேப்புக்குச் சரியான அளவு. மரை வெட்டி, எம்6 ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி) ஒன்றை இறுக்காமல் முழு ஆழத்துக்குத் திருகி, கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி இரவு முழுவதும் விட்டோம். மேலே மரையின் இறுக்கம் போய்க் கூம்பின் அடைப்பு தளர்ந்துவிட்டதால் இப்போதுதான் திரவம் கரியை அடைய முடிந்தது. மறுநாள் காலை ஸ்லைடு ஹேமரை மாட்டும் முன், நானும் தம்பியும் ஒன்று முடிவு செய்துகொண்டோம்: ஒரு மணி நேரத்தில் துண்டு 1 மி.மீ.கூட அசையாவிட்டால் முனை வீங்கியிருக்கிறது என்று பொருள். அடியை நிறுத்தி ஹெட்டை இறக்க வேண்டும். வீங்கிய முனையை அடித்து இழுத்தால் துளையின் வாய் பிளந்துவிடும், அல்லது குழாய் அறுந்து நுனி பிஸ்டன்மேல் விழும். வேலை செய்யும் வேகத்தில் இந்த எல்லை மறந்துபோகும் என்பதால் நேரத்தைச் சுவரில் சாக்பீஸால் எழுதினோம். பலமாக ஓங்கி அடிக்காமல், ஒரே அளவில் சிறு சிறு தட்டுகளாகக் கொடுத்தோம். இருபது நிமிடம் ஆனபோது ஸ்டட்டில் போட்ட கோடு சிறிது மேலே வந்தது. அதன் பின் ஐந்து நிமிடத்தில் துண்டு கரித்தூளோடு முழுதாக வந்தது. நுனி வீங்கவில்லை, ஆனால் ஒரு பக்கம் எலி கடித்தது போல அரித்து, உள்ளே கம்பிச்சுருள் தெரிந்தது.

சுத்தம் செய்வதும் பொருத்துவதும்

கூம்பு முகத்திலும் கீழ்த்துளையிலும் இருந்த கரியைக் கிரீஸ் தடவிய ரீமரால் (துளையைச் சுரண்டும் கருவி) கையாலேயே திருகி எடுத்தோம். இன்ஜெக்டர் துளை வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைக் கொடுத்ததால், உதிர்ந்தவை உள்ளே போகாமல் பிளக் துளை வழியே வெளியே வந்தன. பிறகு இன்ஜெக்டர் துளையில் சிறு கேமராவை விட்டுப் பிஸ்டன் தலையைப் பார்த்தோம். இரண்டு இரும்புத் துகள் இருந்தன. காந்த முனைக் கம்பியால் எடுத்தோம். கண்ணுக்குத் தெரியாதவற்றுக்காக வேக்குவம் குழாயை விட்டு உறிஞ்சினோம். கடைசியாக எல்லா இன்ஜெக்டர் இணைப்புகளையும் எடுத்துவிட்டு, டீசல் பீய்ச்சாத நிலையில் ஸ்டார்ட்டரால் சில சுற்றுகள் சுழற்றி, திறந்த துளைகளின்மேல் ஈரத்துணி பிடித்தோம். மூன்றாவது சுழற்சியில் துணி சுத்தமாக வந்தது. இந்தக் கட்டத்தில் துளைக்கு நேராக முகத்தை நீட்டக் கூடாது. காற்றோடு வரும் துகள் கண்ணுக்கு நேராக வரும்.

கம்ப்ரெஷன் அளவு: ஒன்றாம் சிலிண்டர் 27, இரண்டு 26, மூன்று 25, நான்கு 27 பார். ரிங்கில் குறை இல்லை. ஆயில் குறைவதற்கு டர்போ குழாய் இணைப்பில் இருந்த சிறு கசிவே காரணம். அது தனிக் கதை.

புதிய பிளக்குகள் நான்கையும் பழையவற்றின் வோல்ட், நீளம், கூம்பு வடிவம் ஆகியவற்றோடு ஒப்பிட்டே வாங்கினோம். நீளம் கூடினால் முனை பிஸ்டனிலோ டீசல் பீய்ச்சும் பாதையிலோ நீட்டிக்கொள்ளும். தண்டிலும் மரையிலும் மட்டும் வெப்பம் தாங்கும் செராமிக் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினோம். கூம்பு முகத்திலும் சூடேறும் முனையிலும் படாமல் பார்த்துக்கொண்டோம். குளிர்ந்த எஞ்சினில் கையால் கடைசிச் சுற்று வரை திருகி, 14 நியூட்டன் மீட்டரில் இறுக்கினோம். கிரீஸ் பூசிய மரை உராய்வு குறைந்து அதிகம் இறுகும் என்பதால், இந்த அளவுக்குச் சொல்லப்படும் வரம்பின் கீழ்ப் பக்கத்தையே தேர்ந்தேன். குழிகளின் வாயில் நீர் புகாத ரப்பர் மூடிகள் சேதமாகியிருந்தன, அவற்றையும் மாற்றினோம்.

ஏன் மூன்றாவது மட்டும்

ஒரே வண்டி, ஒரே கடற்காற்று, ஒரே வெள்ளம். மற்ற மூன்றும் 26க்குள் இளகியபோது மூன்றாவதில் மட்டும் கரி இவ்வளவு இறுகியது ஏன் என்பதற்கு அரித்த நுனியே சாட்சி. மூன்றாம் இன்ஜெக்டரின் நாசில் நுனி ஈரமாக இருந்தது. அதை மாதவரத்தில் ஓர் இன்ஜெக்டர் சோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தபோது, மூடிய பிறகும் சொட்டுவது தெரிந்தது. பூந்தூறலாகப் பிரிய வேண்டிய டீசல் தாரையாகப் பிளக் நுனியில் விழுந்து அதை அரித்திருக்கிறது. எரியாமல் மிஞ்சியது கரியாகி இடைவெளியை நிரப்பியிருக்கிறது. பிளக் செத்த பிறகு விடியற்காலைப் புகை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடியிருக்கிறது. அதாவது, செத்த பிளக்கைக் குற்றவாளியாகக் கருதி, புதியதை மட்டும் போட்டு அனுப்பியிருந்தால், அதுவும் சில மாதங்களில் அதே துளையில் அதே கரியில் மாட்டியிருக்கும். நாசிலை மாற்றிச் சோதித்த பின்பே இன்ஜெக்டரைப் புதிய செப்பு வளையத்தோடு பொருத்தினோம்.

வண்டி மூவாயிரம் கி.மீ. ஓடிய பின், கூலி வாங்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மறுபடி வரச் சொன்னேன். எஞ்சினைச் சூடாக்கி மூன்றாம் பிளக்கைக் கழற்றினோம். 13 நியூட்டன் மீட்டரில் சிறு கிறீச்சோடு இளகி, கடைசி வரை விரலாலேயே திரும்பி வந்தது. நுனி உலர்ந்து, சீரான சாம்பல் நிறத்தில் இருந்தது. தண்டில் கிரீஸ் பூச்சு அப்படியே தெரிந்தது. துணியால் துடைத்து, மறுபடி பூசி, அதே 14இல் இறுக்கி அனுப்பினோம்.